உப்பு சோடாவும் ஒரு கிளாஸ் காவாவும்

முதல்ல ஒரு கேள்வி. கேன்டீன்ல ஒரு ஜிலேபியை முழுசா உள்ளே தள்ளிட்டு, கையோட டீ குடிச்சிருக்கீங்களா? சர்க்கரையே போடலையான்னு டீ மாஸ்டரை முறைச்சிருப்பீங்க. அவர் பாவம், தினமும் போடுற அதே அளவுதான் போட்டிருப்பார். இந்த ஜிலேபி ரகசியம் எனக்கு ஒரே ஒரு ராத்திரி ஞாபகம் வராம போச்சு. அதனால எங்க கம்பெனிக்கு 4,000 யூரோ நஷ்டம்.

கதையைக் கேளுங்க. திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனியில மெர்ச்சண்டைசரா வேலைக்குச் சேர்ந்து ரெண்டு வருஷம் ஆன சமயம். பார்சிலோனாவுல இருந்த ஒரு பையரைப் பார்க்க முதலாளி என்னை அனுப்பி வெச்சார். "ஏங்கண்ணு, வெலையைக் கொறைக்கச் சொன்னா அசரக்கூடாது. காஸ்டிங் ஷீட் கையில இருக்குதில்ல, அதப் பாத்துப் பேசு"ன்னு வழியனுப்பினார். சாம்பிள் எல்லாம் பக்காவா இருந்துச்சு. இங்கிலீஷும் ஓரளவு வந்துச்சு. ஆனா ராத்திரி விருந்துன்னு ஒண்ணு இருக்கும், அதுக்கும் தயாராகணும்னு யாருமே சொல்லலை.

அங்கே ஆபீஸ்ல யாருக்கோ பிறந்தநாள். சாப்பாட்டு மேஜையில கேக் வந்துச்சு. கூடவே உயரமான கிளாஸ்ல, வெளிர் மஞ்சளா, அடியிலிருந்து நூல் பிடிச்ச மாதிரி குமிழி ஏறிக்கிட்டே ஒரு பானம். 'ஆஹா, நம்ம பன்னீர் சோடா வெளிநாட்டுல இப்படித்தான் இருக்கும்போல'ன்னு நினைச்சுக்கிட்டு, கேக்கை ஒரு வாய் வெச்சு, இதையும் ஒரு மடக்கு இழுத்தேன். புளிப்பு! மூஞ்சி அஷ்டகோணலாயிடுச்சு. அதோட விட்டிருந்தாலும் பரவாயில்லை. சர்வரைக் கூப்பிட்டு, "இது கெட்டுப் போயிருக்கு"ன்னு சொல்லித் தொலைச்சேன். அவர் மறுபேச்சு பேசாம புது பாட்டில் திறந்து ஊத்தினார். அதுவும் அதே புளிப்பு. மேஜை அமைதியாயிடுச்சு. பையர் அம்மா தன் கிளாஸை மோந்து பார்த்து, ஒரு சிப் குடிச்சு, ரொம்ப மென்மையா சொன்னாங்க: "இது ப்ரூட். இப்படித்தான் இருக்கும்." யாரும் சிரிக்கலை. சிரிச்சிருந்தாக்கூட தேவலை.

மறுநாள் காலையில விலைப் பேச்சு. 40,000 பீஸ் போலோ டி-ஷர்ட். பீஸுக்கு 10 சென்ட் குறைங்கன்னாங்க. குறைக்கத் தேவையே இல்லைன்னு என் காஸ்டிங் ஷீட் கத்துது. எனக்கோ முந்தின ராத்திரி சர்வரோட முகம்தான் கண்ணு முன்னாடி. 'இவங்களுக்கு எல்லாம் தெரியுது, நமக்கு ஒண்ணும் தெரியலை'ன்னு உள்ளுக்குள்ள கூனிப் போயிருந்தேன். தலையாட்டிட்டு வந்துட்டேன்.

இதை ஏன் உங்ககிட்ட சொல்றேன்னா, இதைப் படிக்கிற உங்கள்ல பல பேர், நிட்வேர் டிசைன் படிச்சாலும் சரி, பி.காம். படிச்சாலும் சரி, இன்னும் அஞ்சு வருஷத்துல இப்படி ஒரு மேஜையில உட்காரத்தான் போறீங்க. நம்ம ஊர் வாசல் ஏற்கெனவே ஐரோப்பா பக்கம் திறந்திருக்கு. உட்காரும்போது கிளாஸைப் பார்த்து மிரளக்கூடாது. அவ்வளவுதான் என் கோரிக்கை. குடிக்கச் சொல்றேன்னு வீட்ல போட்டுக் கொடுத்துடாதீங்க. தமிழ்நாட்டுல 21 வயசு ஆகாதவங்களுக்கு மது விற்கக்கூடாதுங்கறது சட்டம். 21 ஆனாலும் குடிக்காம இருக்கறவங்க நிறைய பேர். அவங்களுக்கும் இந்தப் பாடம் உண்டு. ஏன்னா செய்முறைப் பரீட்சைக்கு ஒரு சோடாக் கடை போதும்.

சாயங்காலம் கடைக்குப் போங்க. எலுமிச்சை சோடா, உப்பு மட்டும், சர்க்கரை வேண்டாம்னு சொல்லுங்க. முதல்ல வெறும் வாயில ஒரு மடக்கு. சுருக்குனு இருக்கும். அடுத்து சூடா ஒரு வாழைக்காய் பஜ்ஜி, அப்புறம் ஒரு மடக்கு. இப்போ சோடாவோட புளிப்பு அடங்கி, நாக்குல ஒட்டியிருந்த எண்ணெய் வழுவழுப்பு கழுவி விட்ட மாதிரி போயிருக்கும். இன்னொரு பஜ்ஜி கேட்கும். கேட்கட்டும், கொடுங்க. கடைசியா ஒரு துண்டு மைசூர்பா, அப்புறம் அதே சோடா. ஐயோ! பல்லு கூசும். சோடா மாறலை, நாக்கு மாறியிருக்கு. நான் பார்சிலோனாவுல கேக்கைக் கடிச்சுட்டு செஞ்ச தப்பு இதேதான்.

அந்தப் பானத்தோட பேர் காவா. ஸ்பெயின் நாட்டு குமிழி வைன். பெரும்பகுதி கத்தலோனியாவுலதான் தயாராகுது. பார்சிலோனாவுக்கு மேற்கே, நாற்பது கிலோமீட்டர் சுமாருக்கு சான்ட் சதுர்னி தனோயான்னு ஒரு சின்ன ஊர். பனியனுக்குத் திருப்பூர் மாதிரி காவாவுக்கு அந்த ஊர். 1872ல கொடோர்னியூ குடும்பத்தைச் சேர்ந்த ஜுசெப் ரவெந்தோஸ் அங்கே முதல் பாட்டில்களைத் தயாரிச்சார். இதுல ஒரு தமாஷ் பாருங்க. லண்டன்ல ஹிராம் காட்ங்கறவர் கழுத்துல கோலி வெச்ச சோடா பாட்டிலுக்குக் காப்புரிமை வாங்கினதும் அதே 1872தான். நம்ம கோலி சோடாவும் அவங்க காவாவும் ஒரே வயசுக்காரங்க. ஒரே செட்!

ஆனா கேஸ் வர்ற வழி வேற. கோலி சோடாவுல கேஸை வெளியிலிருந்து ஏத்தறோம். காவாவுல அது பாட்டிலுக்குள்ளேயே பிறக்குது. மகபெயோ, ஷரெல்லோ, பரெயாதான்னு மூணு வெள்ளைத் திராட்சை இதுக்கு முக்கியம். அதுல முதல்ல சாதாரண வைன் செய்வாங்க. அதை பாட்டில்ல ஊத்தி, கொஞ்சம் சர்க்கரையும் ஈஸ்டும் சேர்த்து, நம்ம கலர் பாட்டில்ல இருக்கற மாதிரி ஒரு தகர மூடி போட்டு இருட்டறையில அடுக்கிடுவாங்க. ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னு, கேஸை விடும். மூடி போட்டிருக்கே, கேஸ் எங்கே போகும்? வைன்லயே கரையும். வேலை முடிஞ்ச ஈஸ்ட் செத்து அடியில படியும். அந்தக் கசடோட மேலேயே வைன் குறைஞ்சது 9 மாசம் கிடக்கணும்னு விதி. 'ரிசர்வா'ன்னு போட்டிருந்தா 18 மாசம். 'கிரான் ரிசர்வா'ன்னா 30 மாசம். நாள் ஆக ஆக, பேக்கரி வாசல்ல நிக்கும்போது வருமே ஒரு ரொட்டி வாசம், அது வைன்ல ஏறும். கடைசியா பாட்டிலைத் தலைகீழாக்கி, கழுத்துல சேர்ந்த கசடை உறைய வெச்சு வெளியேத்திட்டு, தக்கை போட்டுக் கம்பியால கட்டுவாங்க. காவாங்கற வார்த்தைக்கே அந்த நிலவறைன்னுதான் அர்த்தம்.

கசடு போன இடத்தை நிரப்பும்போது எவ்வளவு சர்க்கரை சேர்க்கறாங்க, சேர்க்காம விடறாங்க என்பதுலதான் சூட்சுமம். துணிக்கு நீங்க ஜி.எஸ்.எம். பார்ப்பீங்க இல்லையா? இதுக்கு லிட்டருக்கு எத்தனை கிராம் சர்க்கரைன்னு பார்க்கணும். லேபிள்ல 'ப்ரூட் நேச்சர்'னு இருந்தா வெளிச் சர்க்கரை சேர்க்கவே இல்லை, மிச்சம் இருக்கறது 3 கிராமுக்குள்ள. 'எக்ஸ்ட்ரா ப்ரூட்' 6 கிராம் வரைக்கும். 'ப்ரூட்' 12 வரைக்கும். அதுக்கு மேல போனா இனிப்பு தலைகாட்டும். இதுல ஒரு பொறி இருக்கு. ஸ்பானிஷ்ல 'செகோ'ன்னா உலர்ந்ததுன்னு அர்த்தம். ஆனா 'செகோ'ன்னு எழுதியிருக்கற பாட்டில்ல 17லேர்ந்து 32 கிராம் வரைக்கும் சர்க்கரை இருக்கும், நாக்குக்கு இனிப்பாவே தெரியும். 'செமி செகோ' 50 வரைக்கும் போகும். நாம குடிக்கற கோலா பானத்துல லிட்டருக்கு 100 கிராமுக்கு மேல இருக்கு. அந்தப் பழக்கத்துல ப்ரூட்டை வாயில வெச்சா முகம் கோணத்தான் செய்யும், அது உங்க தப்பில்லை.

ப்ரூட் காவாவுல என்ன ருசி தேடணும்? பச்சை ஆப்பிளைக் கடிச்ச மாதிரி ஒரு புளிப்பு, எலுமிச்சைத் தோல் வாசம், பின்னாடி லேசா பாதாம் கசப்பு, நாள்பட்டதா இருந்தா அந்த ரொட்டி வாசம். மண்வாசம் மாதிரி ஒண்ணும் சிலதுல உண்டு, அது ஷரெல்லோ திராட்சையோட குணம். 'நாலு விதப் பூ, அஞ்சு வித மரம்'னு சிலர் அடுக்குவாங்க. எனக்கு அவ்வளவு மூக்கு கிடையாது. உங்களுக்கும் வேண்டாம். புளிப்பு, குமிழி, இனிப்பின்மை, இந்த மூணைப் பிடிச்சுட்டா எதோட சேரும்னு நீங்களே சொல்லிடலாம்.

கத்தலோனியாக்காரங்க இதை எதோட வெச்சுக்கறாங்கன்னு பாருங்க. சுட்ட ரொட்டியில பழுத்த தக்காளியைத் தேய்ச்சு, ஆலிவ் எண்ணெய் விட்டு, உப்பு தூவித் தருவாங்க. எந்த மேஜையிலயும் முதல்ல வர்றது அதுதான், சுத்த சைவம். வறுத்த பாதாம், ஆலிவ், உப்புல ஊறின நெத்திலி மாதிரி மீன், பொரிச்ச சின்ன மீன், பன்றித் தொடைக் கறியை மெல்லிசா சீவினது. எல்லாத்துலயும் உப்பு இருக்கு, இல்லைன்னா எண்ணெய் இருக்கு. உப்பு புளிப்பைத் தணிக்குது, புளிப்பு எண்ணெயை அறுக்குது. நம்ம பஜ்ஜி சோடா கணக்கேதான். குளிர்காலம் முடியற சமயத்துல கல்சோத்ன்னு ஒரு நீள வெங்காயத்தைத் தழல்ல கரியக் கரியச் சுட்டு, கருகின தோலை உருவி எறிஞ்சுட்டு, பாதாம் போட்டு அரைச்ச சட்னியில தோய்ச்சு, அண்ணாந்து வாயில இறக்குவாங்க. கையெல்லாம் கரி. அதுக்கும் துணை பல வீடுகள்ல காவாதான். கத்திரிக்காயையும் குடைமிளகாயையும் சுட்டு உரிச்சு எண்ணெய் விட்டு வைக்கிற எஸ்கலிவாதான்னு ஒண்ணு உண்டு. நம்ம வீட்டுல கத்திரிக்காய் சுட்டுக் கடையற ஞாபகம் வந்து எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு. சைவக்காரங்க பயப்படாம அதைக் கேட்டு வாங்கலாம். உருளைக்கிழங்கு தோர்த்தியாவுல மட்டும் முட்டை உண்டு, சொல்லிட்டேன்.

இப்போ நம்ம பக்கம் வருவோம். கொங்குச் சாப்பாட்டோட ப்ரூட் ஒத்துப் போகுமான்னா, பாதி போகும். வறுத்த நிலக்கடலை, முறுக்கு, பஜ்ஜி, எலுமிச்சை பிழிஞ்ச மீன் வறுவல், இதெல்லாம் கண்ணை மூடிக்கிட்டுச் சேரும். நெய் விட்ட அரிசிம்பருப்பு சாதம்கூடச் சேரும், காரம் கம்மி, நெய்யோட கனத்தை அந்தப் புளிப்பு இலேசாக்கிடும். ஆனா பள்ளிபாளையம் சிக்கன்? வேண்டாம் சாமி. அத்தனை வரமிளகாய்க்கு மேல குமிழியும் ஆல்கஹாலும் பட்டா, எரியற அடுப்புல ஊதுகுழல் வெச்ச மாதிரி. சாயங்கால ரோட்டுக்கடைக் காளானும் அப்படித்தான், காரம், புளிப்பு, கொஞ்சம் இனிப்புன்னு எல்லாம் சேர்ந்து வைனை அடிச்சுத் தள்ளிடும். ஒப்புட்டோட ப்ரூட் குடிச்சீங்கன்னா என் கேக் கதைதான். அதுக்குச் செமி செகோ, இல்லைன்னா அதைவிட இனிப்பான 'துல்சே'தான் சரி. இவ்வளவுக்கும் ஸ்பெயின்லயே பல வீடுகள்ல பிறந்தநாள் கேக்கோட ப்ரூட் காவாவைத்தான் இன்னும் ஊத்தறாங்க. அது அவங்க பழக்கம். நாக்கைக் கேட்டா ஒத்துக்காது. அன்னிக்கு நான் சொன்னது தப்பு, ஆனா என் நாக்கு பொய் சொல்லலைங்கறது எனக்கு ரொம்ப நாள் கழிச்சுத்தான் புரிஞ்சுது.

பாட்டிலைத் திறக்கற பொறுப்பு உங்க தலையில விழுந்தா, கிரிக்கெட் ஜெயிச்ச மாதிரி குலுக்கித் தக்கையைப் பறக்க விடாதீங்க. உள்ளே இருக்கற அழுத்தம் கார் டயர்ல இருக்கறதைப் போல ரெண்டு மடங்குக்கும் மேல. கண்ணுல பட்டா கண்ணு போயிடும். நல்லா குளிர வெச்சு, கம்பியைத் தளர்த்தின நொடியிலிருந்து தக்கையைக் கட்டை விரலால அழுத்திப் பிடிச்சுக்கிட்டு, பாட்டிலை மெதுவா திருப்பணும். 'புஸ்'ஸுன்னு ஒரு பெருமூச்சு வந்தா நீங்க பாஸ். இன்னொண்ணு, சோடா மாதிரி இறங்குதேன்னு நினைக்க வேண்டாம். பீர்ல இருக்கற ஆல்கஹாலைப் போல ரெண்டு மடங்கு, 11, 12 சதவீதம் இதுல இருக்கு. மறுநாள் விலைப் பேச்சு இருக்குன்னா ஒரு கிளாஸே அதிகம்.

குடிக்காதவங்களுக்கு ஒரே ஒரு வாக்கியம் போதும்: 'ஆகுவா கோன் காஸ்'. கேஸ் ஏத்தின தண்ணி. அதையும் அதே மாதிரி கிளாஸ்லதான் தருவாங்க. எல்லாரும் கிளாஸைத் தூக்கி 'சலூத்'ம்பாங்க, நீங்களும் தூக்கிச் சொல்லுங்க. காரணம் விளக்க வேண்டாம், 'எங்க கலாசாரத்துல...'ன்னு லெக்சர் வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம். நான் பார்த்தவரைக்கும் அங்கே யாரும் வற்புறுத்தினது கிடையாது. நம்மூர்ல சில பார்ட்டிகள்ல 'ஒரு ரவுண்டு மட்டும் மாப்ளே'ன்னு கையைப் பிடிச்சு இழுக்கறதைத்தான் பார்த்திருக்கேன்.

இந்தக் காவாவோட பேர்ல ஒரு வழக்கு உண்டு. பனியன் ஊர்க்காரங்க நாம அவசியம் தெரிஞ்சுக்க வேண்டியது. ஆரம்பத்துல அவங்களும் தங்க சரக்கை ஷாம்பெயின்னுதான் வித்தாங்க. பிரான்ஸ்ல ஷாம்பெயின்ங்கற வட்டாரத்துக்காரங்க விடுவாங்களா? 'ஸ்பானிஷ் ஷாம்பெயின்'னு பேர் போட்டு விக்கக்கூடாதுன்னு 1960ல இங்கிலாந்து கோர்ட் ஒண்ணு தீர்ப்பு சொல்லிடுச்சு. அடுத்தவன் பேர்ல எத்தனை நாள் ஓட்டறது? 1970கள்ல காவாங்கற சொந்தப் பேருக்கு மாறினாங்க. 1986ல ஸ்பெயின் ஐரோப்பியக் கூட்டமைப்புல சேர்ந்த சமயத்துல அந்தப் பேருக்கும் முறையான அங்கீகாரம் கிடைச்சுது. பேர் வந்துடுச்சு. ஆனா விலை? 'ஷாம்பெயின் வாங்கக் காசில்லையா, காவா வாங்கிக்கோ'ன்னு சூப்பர் மார்க்கெட் அலமாரியில மலிவுச் சரக்கா நின்னு போச்சு. லட்சக்கணக்குல பாட்டில், பாட்டிலுக்குச் சில யூரோ. வால்யூம் இருக்கு, மார்ஜின் இல்லை. எங்கேயோ கேட்ட குரல் மாதிரி இல்லை?

அது பொறுக்காம சில தயாரிப்பாளர்கள் 2019ல காவாங்கற பேரையே உதறிட்டு வெளியே வந்தாங்க. கோர்பின்னாட்னு புதுப் பேர் வெச்சு, முழுக்க இயற்கை முறையில விளைஞ்ச திராட்சை, கையாலதான் அறுவடை, குறைஞ்சது 18 மாசம் நிலவறைன்னு தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு போட்டுக்கிட்டாங்க. அவங்க செஞ்சது சரியா, நூறு வருஷம் எல்லாரும் சேர்ந்து வளர்த்த ஊரை விட்டுட்டுப் போனது தப்பான்னு அங்கே இன்னும் வாதம் உண்டு. எனக்கும் ரெண்டு மனசுதான். ஆனா சொந்தச் சரக்குக்கு என்ன விலைன்னு தாங்களே சொல்லத் துணிஞ்சாங்களே, அதுக்கு ஒரு சலூத். நீங்க இப்போ போட்டிருக்கற டி-ஷர்ட்டோட காலரைத் திருப்பிப் பாருங்க. நம்ம பக்கத்துல நூல் ஓட்டி, சாயம் போட்டு, ஓவர்லாக் அடிச்சு, செக்கிங் முடிச்சது. கழுத்துல யார் பேர் இருக்கு?

ரெண்டாவது தடவை அதே பையரைப் பார்க்க நான் போனது மூணு வருஷம் கழிச்சு. இந்த முறை பெட்டியில சாம்பிளுக்கு நடுவுல அம்மா கட்டிக் கொடுத்த கை முறுக்கு ஒரு பொட்டலம், காங்கேயம் பக்கத்துத் தோட்டத்துல விளைஞ்ச கடலையை மணல்ல வறுத்தது ஒரு பொட்டலம். ராத்திரி மேஜையில சர்வர் காவாவோட வந்தார். அவர் கையிலிருந்த பாட்டில் லேபிளை ஒரு பார்வை பார்த்தேன். ப்ரூட் நேச்சர். கேக் வர்றதுக்கு முன்னாடியே பொட்டலத்தைப் பிரிச்சு நடுவுல வெச்சேன். "முதல்ல இதைக் கடிங்க, அப்புறம் ஒரு சிப் குடிங்க"ன்னேன். பையர் அம்மா ஒரு முறுக்கை உடைச்சு வாயில போட்டாங்க. ஒரு சிப். அப்புறம் இன்னொரு முறுக்கு. "இதுக்குப் பேர் என்ன?"ன்னு கேட்டாங்க. மு-று-க்-குன்னு சொல்லித் தர்றதுக்குள்ள எனக்குத் தாவு தீர்ந்துடுச்சு. அந்த 'று'வுல மேஜையே மாட்டிக்கிட்டுத் தவிச்சுது. என் கிளாஸ்ல தண்ணிதான், கேஸ் ஏத்தினது.

மறுநாள் காலையில பழையபடி 10 சென்ட்லேர்ந்துதான் ஆரம்பிச்சாங்க. காஸ்டிங் ஷீட்டை மேஜை மேல விரிச்சு வெச்சேன். ரெண்டு மணி நேரம் ஓடுச்சு. கடைசியில 2 சென்ட்ல நின்னுச்சு. முறுக்குப் பொட்டலத்தை மட்டும் அந்தம்மா திருப்பித் தரவே இல்லை.